நச்சு ரசாயனத்துக்கு சர்வதேச நிதி கேக்கணுமா? முதல்ல எண்ணுங்க, அப்புறம் எழுதுங்க

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான். சுற்றுச்சூழல் அமைச்சகத்துல ரசாயனப் பிரிவுக்குப் புதுசா வந்திருக்கீங்க, அரசாங்கக் கிடங்குகள்ல காலாவதியான பூச்சிமருந்து வருஷக்கணக்கா கிடக்கு, மின்வாரியத்தோட பழைய டிரான்ஸ்ஃபார்மர்ல பிசிபிங்கிற நச்சு ரசாயனம் இருக்குற எண்ணெய் இருக்கும்னு சந்தேகம், மேலதிகாரி "சர்வதேச நிதிக்கு ஒரு அப்ளிகேஷன் ரெடி பண்ணுங்க"ன்னு சொல்லிட்டாரு, எந்த நிதிக்குப் போடணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு தெரியல. இந்த வேலையில நான் பல வருஷம் இருந்திருக்கேன், அப்ளிகேஷன் எழுதுற பக்கமும் உக்காந்திருக்கேன், வந்ததைப் படிச்சு கேள்வி கேக்குற பக்கமும் உக்காந்திருக்கேன், அதனால நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். உங்க நாட்டுல விஷம் இருக்குன்னு நிரூபிச்சா மட்டும் யாரும் பணம் தர மாட்டாங்க, விஷம் எல்லா நாட்லயும் இருக்கு. அந்தப் பணம் தீந்த மறுநாள் இந்த வேலைய யாரு செய்வாங்க, எந்தச் சட்டத்தை வச்சு செய்வாங்க, அவங்க சம்பளம் எந்த பட்ஜெட்லேர்ந்து வரும், இந்த மூணுக்கும் அப்ளிகேஷன்ல பதில் இருக்கான்னுதான் படிக்கிறவங்க தேடுவாங்க. பாதிப்பைப் பத்தி இருபது பக்கம் உருக்கமா எழுதி இதுக்கு ரெண்டு வரி எழுதின அப்ளிகேஷன் நிறைய பாத்திருக்கேன், பெரும்பாலும் திரும்பி வந்துடும். அந்தப் பாதிப்பு உண்மைதான், அதை யாரும் சந்தேகப்படல, ஆனா கையெழுத்துப் போடப்போற காகிதத்துல அதுக்கு மேல ஒண்ணு வேணும்.

சரி, பணம் எங்க இருக்கு? ரசாயனத்துக்குன்னு ஒரே உண்டியல் கிடையாது. நாலு உடன்படிக்கை இருக்கு. பேசல் உடன்படிக்கை 1989ல வந்தது, அபாயகரமான கழிவை ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புறதைக் கட்டுப்படுத்துது. ராட்டர்டாம் 1998, சில ரசாயனத்தை ஏற்றுமதி பண்றதுக்கு முன்னாடி வாங்குற நாட்டோட சம்மதம் வேணும்ங்குது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைய 2001 மே மாசம் ஏத்துக்கிட்டாங்க, 2004 மே 17 அமலுக்கு வந்தது, சீக்கிரம் சிதையாம மண்லயும் உடம்புக் கொழுப்புலயும் தங்கிடற கரிம மாசுகளைப் பத்தினது, பாப்ஸ்னு சொல்வோம். 12 ரசாயனத்தோட ஆரம்பிச்சது, இப்ப பட்டியல் 30ஐத் தாண்டிடுச்சு. பாதரசத்துக்கு மினமாட்டா, 2013ல கையெழுத்தாகி 2017 ஆகஸ்ட் 16 அமலுக்கு வந்தது.

இதுல பலபேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. பெரிய பணம் இருக்குற உலகச் சுற்றுச்சூழல் நிதி, அதாவது ஜிஇஎஃப், ஸ்டாக்ஹோமுக்கும் மினமாட்டாவுக்கும்தான் அதிகாரபூர்வமான நிதி வழி. பேசலுக்கும் ராட்டர்டாமுக்கும் அது கிடையாது. அதனால உங்க பிரச்சினை வெறும் ஈய பேட்டரிக் கழிவுன்னு வைங்க, ஜிஇஎஃப் கதவைத் தட்டினா "இது எங்க கணக்குல வரல"ன்னுதான் பெரும்பாலும் பதில் வரும். அதே கழிவை எரிக்கிறதால டயாக்சின்ங்கிற நச்சு வருது, அது ஸ்டாக்ஹோம் பட்டியல்ல இருக்கு, அதைத்தான் குறைக்கப்போறோம்னா விஷயம் வேற. அப்ப உங்க பிரச்சினைய எந்த உடன்படிக்கையோட எந்தப் பிரிவுல கொண்டுபோய் வைக்கப்போறீங்கன்றதுதான் முதல் கேள்வி, எவ்ளோ பணம்ங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

உங்க கேஸுக்கே வரேன். பழைய பூச்சிமருந்துன்னு சொன்னீங்க. என்ன மருந்து? டிடிடி, ஆல்ட்ரின், டைஆல்ட்ரின், ஹெப்டாகுளோர், குளோர்டேன் இதெல்லாம் ஆரம்பத்துலேர்ந்தே ஸ்டாக்ஹோம் பட்டியல்ல இருக்கு. லிண்டேன் 2009ல சேந்தது, எண்டோசல்ஃபான் 2011ல. ஆனா மாலத்தியான் மாதிரி மருந்து பாப்ஸ் கிடையாது, அது எத்தனை டன் இருந்தாலும் ஸ்டாக்ஹோம் கணக்குல ஏறாது. டிடிடிலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, மலேரியா கொசுவை ஒழிக்க டிடிடி பயன்படுத்த உடன்படிக்கையிலயே அனுமதி உண்டு, அதனால சுகாதாரத்துறை கிடங்குல நல்ல நிலையில பதிவோட இருக்குற டிடிடிய கழிவுன்னு எழுதிடாதீங்க, எழுதினா சுகாதார அமைச்சகத்தோட சண்டைதான் வரும். இன்னொண்ணு, கிடங்குல மூட்டை கிழிஞ்சு ஒண்ணோட ஒண்ணு கலந்து போயிருந்தா பிரிக்க முடியாது, மொத்தக் குவியலையும் பாப்ஸ் கலந்த கழிவா பாக்க வேண்டியிருக்கும், பேசல் உடன்படிக்கையோட தொழில்நுட்ப வழிகாட்டிகள்ல பெரும்பாலான பாப்ஸ் பூச்சிமருந்துக்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம்னு ஒரு வரம்பு இருக்கு, அதுக்கு மேல போனா அழிக்கத்தான் வேணும். கொஞ்சம் சுத்தமான மண்ணையோ மருந்தையோ கலந்து அளவைக் குறைச்சுக் காட்டுறது கூடவே கூடாது.

பிசிபி பத்தி இன்னும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இங்க காலக்கெடு இருக்கு. 0.005 சதவீதத்துக்கு மேல, அதாவது 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 50 பங்குக்கு) மேல பிசிபி இருக்குற கருவிகளை 2025க்குள்ள பயன்பாட்டுலேர்ந்து எடுக்க முயற்சி பண்ணணும், அந்த எண்ணெயையும் கருவியையும் 2028க்குள்ள பாதுகாப்பா கையாண்டு முடிக்கணும்னு ஸ்டாக்ஹோம் சொல்லுது. நிறைய நாடுங்க இதுல பின்தங்கித்தான் இருக்கு. அது தெரிஞ்சதால நிதி குடுக்குற இடத்துலயும் பிசிபிக்கு இன்னும் காது குடுக்குறாங்க, ஆனா "எங்ககிட்ட நிறைய இருக்கும்னு நினைக்கிறோம்"ன்னு சொன்னா கேக்க மாட்டாங்க.

இந்த எண்ணெய் ஏன் இவ்ளோ பயமுறுத்துதுன்னு உங்க மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டியிருந்தா 1968ல ஜப்பான்ல நடந்ததைச் சொல்லுங்க. தவிட்டு எண்ணெய் தயாரிச்ச இடத்துல சூடாக்குற குழாய்லேர்ந்து பிசிபி கசிஞ்சு சமையல் எண்ணெய்ல கலந்துடுச்சு, ஆயிரக்கணக்கான பேர் பாதிக்கப்பட்டாங்க, தோல்ல கொப்புளம், கண்ல பிசுக்கு, பிறந்த குழந்தைங்க தோல் கருத்துப்போச்சு. பதினோரு வருஷம் கழிச்சு 1979ல தைவான்ல அதே மாதிரி திரும்ப நடந்தது. சில நாடுகள்ல டிரான்ஸ்ஃபார்மரை உடைச்சு எண்ணெயைத் திருடி பலகாரம் பொரிக்க வித்ததும் நடந்திருக்கு. அதை வாங்கிப் பொரிச்சவங்களுக்கும் சாப்பிட்டவங்களுக்கும் அது என்னன்னே தெரியாது. இதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு கலங்கும்.

அதனால கணக்கெடுப்புதான் அடித்தளம். டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட்டைப் பாருங்க, தயாரிச்ச வருஷமும் எண்ணெயோட பேரும் இருக்கும். ஆரோகுளோர், குளோஃபென், பைராலீன், சோவோல், அஸ்கரெல் மாதிரி பேர் இருந்தா அது பிசிபி எண்ணெய்தான், யோசிக்கவே வேண்டாம். ஆனா பெரும்பாலான நாடுகள்ல தலைவலி வேற இடத்துல இருக்கு. பழுதுபார்க்குற பட்டறையில ஒரே வடிகட்டி மெஷின், ஒரே டேங்க், ஒரே ஹோஸ் வச்சு எல்லா டிரான்ஸ்ஃபார்மருக்கும் எண்ணெய் மாத்தியிருப்பாங்க, அதனால பிசிபியே இல்லாம மினரல் ஆயில் ஊத்தி வந்த கருவியிலயும் அது கொஞ்சம் கொஞ்சமா கலந்திருக்கும். நேம்பிளேட்டை மட்டும் நம்பினா இது மாட்டாது. எண்ணெய் எடுத்துத்தான் பாக்கணும்.

எல்லாத்தையும் லேபுக்கு அனுப்பினா செலவு கட்டுப்படியாகாது. முதல்ல குளோரின் கண்டுபிடிக்கிற கிட் வச்சு அங்கேயே சோதிங்க. அந்தக் கிட் எந்தக் குளோரின் இருந்தாலும் காட்டிடும், அதனால சில சமயம் பிசிபி இல்லாததையும் இருக்குன்னு காட்டும், ஆனா முறையா பண்ணினா இருக்குறதை இல்லைன்னு விட்டுடறது ரொம்ப அபூர்வம். இல்லைன்னு வந்ததை விட்டுடலாம், இருக்குன்னு வந்ததை மட்டும் லேபுல கேஸ் குரோமட்டோகிராஃப்ங்கிற கருவியில துல்லியமா அளக்க அனுப்புங்க. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர், ஒரு லேபிள், எடுத்த தேதி, எடுத்தவர் கையெழுத்து. நாடு முழுக்க முடிக்கணும்னு அவசியமில்ல, அப்ளிகேஷன் போடுறதுக்கு ஒரு நேர்மையான மாதிரிக் கணக்கெடுப்பு போதும், இத்தனை பாத்தோம், இத்தனையில இருந்தது, இதை வச்சு நாட்டளவுல இவ்ளோ இருக்கும்னு மதிப்பிடுறோம், மதிப்பீட்டுல இவ்ளோ தப்பு இருக்கலாம்னு வெளிப்படையா எழுதுங்க. ஏத்திச் சொல்லாதீங்க. ஜிஇஎஃப்ல ரசாயனத் திட்டத்தோட பலனை டன் கணக்குலதான் அளப்பாங்க, எத்தனை டன் குறைச்சீங்கன்றதுதான் முக்கியக் குறியீடு, இன்னைக்கு ஆயிரம் டன்னுன்னு எழுதிட்டு மூணு வருஷம் கழிச்சு நூறு டன்தான் கிடைச்சதுன்னா அடுத்த தடவை உங்க நாட்டுப் பேரைப் பாத்தாலே கேள்விதான் வரும்.

இப்ப ஜிஇஎஃப் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கலாம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பணக்கார நாடுங்க அதுல பணம் போடுவாங்க. எட்டாவது சுற்று 2022 ஜூலைலேர்ந்து 2026 ஜூன் வரைக்கும், மொத்தம் 533 கோடி டாலர் உறுதி சொன்னாங்க, ரசாயனம், கழிவு பகுதிக்கு அதுல சுமார் 80 கோடி டாலர். பல்லுயிர், காலநிலை மாற்றம், நிலச்சீரழிவு இந்த மூணுக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்ளோன்னு முன்கூட்டியே ஒதுக்கீடு இருக்கு. ரசாயனத்துக்கு அப்படிக் கிடையாது! பொதுப் பானையிலேர்ந்து எடுக்கணும், எல்லா நாடும் போட்டி போடும். உங்க நிதி அமைச்சகத்துல "நம்ம கோட்டா எவ்ளோ"ன்னு கேப்பாங்க, கோட்டா இல்லைன்னு பொறுமையா சொல்லுங்க. இதுலேர்ந்து இன்னொரு விஷயமும் புரியும், சுற்று ஆரம்பிச்சு முதல் ரெண்டு வருஷத்துல போறவங்களுக்குப் பானை நிறைய இருக்கும், கடைசி வருஷத்துல போனா அடி தட்டும். அதனால ஒரு சுற்று முடியப்போற நேரத்துல அவசரமா அரைகுறையா போடுறதை விட, கணக்கெடுப்பையும் கடிதங்களையும் தயார் பண்ணி வச்சுக்கிட்டு அடுத்த சுற்று தொடங்கினதும் முதல் ஆளா போறது புத்திசாலித்தனம்.

நீங்க நேரா ஜிஇஎஃப்க்கு அப்ளை பண்ண முடியாது, நடுவுல ஒரு ஏஜென்சி வேணும். மொத்தம் 18 ஏஜென்சி இருக்கு, யூஎன்டிபி (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்), யுனெப் (ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம்), யூனிடோ (ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு), எஃப்ஏஓ (ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு), உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி இப்படி. பழைய பூச்சிமருந்துல எஃப்ஏஓவுக்கு நல்ல அனுபவம், பிசிபியில யூனிடோவும் யூஎன்டிபியும் நிறைய பண்ணியிருக்காங்க. பேரைப் பாத்து தேர்ந்தெடுக்காதீங்க, உங்க நாட்டுல அவங்களுக்கு ஆபீஸ் இருக்கா, ரசாயனம் தெரிஞ்ச ஆள் அங்க உக்காந்திருக்காரா, இல்ல வேற கண்டத்துலேர்ந்து ஈமெயில்ல மட்டும்தான் பேசுவாரான்னு கேளுங்க. அவங்களுக்குத் தனியா ஃபீஸ் உண்டு, ஒரு கோடி டாலர் வரைக்குமான திட்டத்துக்கு 9.5 சதவீதம். அதே மாதிரி பெரிய திட்டத்துல நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் விடுவாங்க, அதுக்குள்ள திட்ட அலுவலகத்தை நடத்தணும். வண்டி வாங்க ஜிஇஎஃப் பணத்தைக் கேக்காதீங்க, அது அவங்களுக்குப் பிடிக்காது. அரசு ஊழியர் சம்பளமும் உங்க பங்காத்தான் இருக்கணும்.

முதல்ல போறது பிஐஎஃப்னு ஒரு கருத்துரு. அதுகூட உங்க நாட்டோட ஜிஇஎஃப் செயல்பாட்டுத் தொடர்பாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். இந்த ஆள் பெரும்பாலும் நீங்க நினைக்கிற ஆள் இல்ல. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக்குத் தொடர்பாளர் ஒருத்தர், மினமாட்டாவுக்கு ஒருத்தர், ஜிஇஎஃப்க்கு வேற ஒருத்தர், அவர் வேற அமைச்சகத்துலகூட இருக்கலாம், ஒருத்தருக்கொருத்தர் பேரே தெரியாம இருக்குற நாட்டையும் பாத்திருக்கேன். முதல் வாரத்துலயே அவரைப் போய்ப் பாத்துடுங்க, அவர் மேஜையில இன்னும் நாலு துறையோட கடிதம் கையெழுத்துக்குக் காத்திருக்கும். பிஐஎஃப்க்கு ஜிஇஎஃப் கவுன்சிலோட ஒப்புதல் கிடைச்சதும் தயாரிப்புக்குன்னு ஒரு சின்ன மானியம் வரும், அதை வச்சு முழுத் திட்டத்தையும் எழுதி பெரிய திட்டம்னா 18 மாசத்துக்குள்ள ஜிஇஎஃப் தலைமை அதிகாரி ஒப்புதலுக்கு அனுப்பணும். யோசனை தோணின நாள்லேர்ந்து முதல் டாலர் செலவாகுற வரைக்கும் ரெண்டு மூணு வருஷம் சாதாரணம், இதை மேலதிகாரிகிட்ட இப்பவே சொல்லிடுங்க, இல்லைன்னா ஆறு மாசத்துல "என்னய்யா ஆச்சு"ன்னு உங்களைத்தான் கேப்பாரு.

இணை நிதின்னு ஒண்ணு கேப்பாங்க, இதுலதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. ஜிஇஎஃப் ஒரு டாலர் போட்டா மத்தவங்க எவ்ளோ போடுறாங்கன்னு பாப்பாங்க, அவங்களோட எல்லாத் திட்டத்தையும் சேத்து பாத்தா ஒண்ணுக்கு ஏழு வரணும்ங்கிறது இலக்கு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஏழு மடங்கு வேணும்னு அர்த்தம் இல்ல, பயந்துடாதீங்க. மின்வாரியம் அடுத்த அஞ்சு வருஷத்துல பழைய டிரான்ஸ்ஃபார்மரை மாத்த எப்படியும் பணம் ஒதுக்கியிருக்கும், அது இணை நிதி. கிடங்கு இடம், ஊழியர் நேரம், லேப் வசதி இதையும் மதிப்புப் போட்டுக் காட்டலாம். ஆனா ஒவ்வொண்ணுக்கும் சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது. இதோட சேந்தது கூடுதல் செலவுங்கிற தத்துவம். உங்க நாட்டுக்கு எப்படியும் செய்ய வேண்டிய வேலைக்கு அவங்க குடுக்க மாட்டாங்க, உலகத்துக்கே பலன் தர்ற கூடுதல் பகுதிக்குத்தான் குடுப்பாங்க. புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்குறது உங்க செலவு, பழையதுல இருக்குற பிசிபிய அழிக்கிறது அவங்க செலவுன்னு எளிமையா நினைச்சுக்கோங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி உங்க தேசிய செயலாக்கத் திட்டம் எந்த வருஷத்துதுன்னு பாருங்க. ஸ்டாக்ஹோம்ல சேந்த ஒவ்வொரு நாடும் அதைச் சமர்ப்பிக்கணும், பட்டியல்ல புது ரசாயனம் சேரும்போது புதுப்பிக்கணும். பதினைஞ்சு வருஷம் பழசு, அதுல பின்னாடி பட்டியல்ல சேந்த பிஎஃப்ஓஎஸ்ங்கிற ரசாயனம்கூட இல்லைன்னா, முதல்ல அதைப் புதுப்பிக்கத்தான் பணம் கேளுங்க. அதுக்கும் ஜிஇஎஃப்ல வழி இருக்கு, அதுக்கு இணை நிதியும் தேவையில்ல, ஒப்புதலும் கொஞ்சம் சீக்கிரம் வரும், நீங்க செய்ய வேண்டிய கணக்கெடுப்பையும் அதுலயே செஞ்சுக்கலாம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடுக்க வேண்டிய தேசிய அறிக்கை பாக்கி இருந்தா அதையும் அனுப்பிடுங்க, சின்ன விஷயம்தான், ஆனா பாக்குறவங்க கண்ணுல முதல்ல அதுதான் படும்.

அடுத்தது யுனெப் நடத்துற சிறப்புத் திட்டம். இதை நிறைய பேர் சின்னத் தொகைன்னு ஒதுக்குறாங்க, உங்க நிலைமையில எனக்கு இதுதான் முதல் படியா தோணுது. 2014ல ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பேரவை முதல் கூட்டத்துல முடிவு பண்ணினது. ஒரு திட்டத்துக்கு 50,000லேர்ந்து 2.5 லட்சம் டாலர் வரைக்கும், தகுந்த காரணம் இருந்தா 5 லட்சம் வரைக்கும் போகலாம், காலம் அதிகபட்சம் மூணு வருஷம். தேசிய அரசாங்கம்தான் கேக்க முடியும், தன்னார்வ அமைப்போ பல்கலைக்கழகமோ நேரா கேக்க முடியாது. நாலு உடன்படிக்கையில ஏதாவது ஒண்ணுல உறுப்பினரா இருக்கணும், இல்ல சேரப்போறோம்னு காட்டணும். நடுவுல ஏஜென்சி தேவையில்ல. உங்க தரப்புலேர்ந்து 25 சதவீதப் பங்கு எதிர்பாப்பாங்க.

இது நிறுவனத்தைப் பலப்படுத்துற பணம். ரசாயனப் பிரிவு உருவாக்குறது, சட்டம் எழுதுறது, அமைச்சகங்களுக்கு நடுவுல ஒரு குழு அமைக்கிறது, எந்த ரசாயனம் எவ்ளோ நாட்டுக்குள்ள வருதுன்னு பதிவு வைக்கிறது, சுங்கத்துறை ஆளுங்களுக்குப் பயிற்சி, இதுக்கெல்லாம் குடுப்பாங்க. டிரம் வாங்க, கழிவை அழிக்க, எரியுலை கட்ட இது இல்ல. நான் முதன்முதல்ல கலந்துக்கிட்ட ஒரு அப்ளிகேஷன்ல இதைச் சரியா புரிஞ்சுக்காம லேப் கருவிக்குப் பாதித் தொகைய எழுதிட்டோம். திரும்பி வந்த கேள்வி ஒரே வரி: மூணு வருஷம் கழிச்சு அந்தக் கருவிக்கு உதிரிபாகமும் கேஸ் சிலிண்டரும் யாரு வாங்குவாங்க, அதை ஓட்டுற ஆளுக்கு யாரு சம்பளம் குடுப்பாங்க? எங்ககிட்ட பதில் இல்ல. அந்தச் சுற்று போச்சு. அடுத்த சுற்றுக்கு முன்னாடி அமைச்சகத்துல ரெண்டு நிரந்தரப் பணியிடம் உருவாக்கி ஆணை வாங்கினோம், அதுக்கே எட்டு மாசம் ஓடிடுச்சு, கருவியைப் பட்ஜெட்லேர்ந்து எடுத்துட்டு அந்த ஆணையோட நகலை இணைச்சு அனுப்பினோம். கேட்டது முதல் தடவைய விடக் குறைவு, கிடைச்சுது, அந்த ரெண்டு பேரும் இன்னைக்கும் அந்த வேலையில இருக்காங்க. அங்க சட்டம் வந்து, பதிவேடு வந்து, அதுக்கப்புறம்தான் பெரிய ஜிஇஎஃப் திட்டத்துக்கே போனாங்க. அந்த வரிசை சரியான வரிசைன்னு நான் நம்புறேன்.

மினமாட்டாவுக்கும் தனியா ஒரு சின்ன திட்டம் இருக்கு, குறிப்பிட்ட சர்வதேசத் திட்டம்னு பேரு, திறன் வளர்ப்புக்கும் தொழில்நுட்ப உதவிக்கும், சுற்று சுற்றா அழைப்பு வரும். பாதரசம் உங்க கேள்வியில இல்ல, அதனால விட்டுடறேன். 2023 செப்டம்பர்ல பான் நகரத்துல உலக ரசாயனக் கட்டமைப்புன்னு ஒண்ணு ஏத்துக்கிட்டாங்க, அதுக்கும் ஒரு நிதி வந்திருக்கு, பட்டியல்ல இல்லாத ரசாயனத்துக்கு அதைப் பாத்து வைங்க.

பணத்தை விட அதிகமா திட்டத்தைக் கவுக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு நாட்டுல சுற்றுச்சூழல் அமைச்சகம் அப்ளிகேஷன் எழுதி, ஒப்புதலும் வாங்கி, ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு கிடங்குக்குப் போனா சாவி வேளாண் துறைகிட்ட. அவங்களை எழுதும்போது யாரும் கேக்கல. "எங்க கிடங்கைப் பத்தி எங்களைக் கேக்காம எப்படி எழுதினீங்க"ன்னு அவங்க கேட்டதுல நியாயம் இருந்தது. சாவி வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு மழைக்காலம் போயி கூரை இன்னும் மோசமாகி கசிவு வெளியில வந்துடுச்சு. வேளாண்மை, சுகாதாரம், மின்சாரம், சுங்கம், தொழிலாளர், நிதி இத்தனை பேரும் முதல் வரைவு எழுதுறதுக்கு முன்னாடியே ஒரே மேஜையில உக்காரணும், எழுதி முடிச்சப்புறம் "கருத்து சொல்லுங்க"ன்னு அனுப்புறது வேற, கூடவே உக்காந்து எழுதுறது வேற. கிடங்குல வேலை செய்யுறவங்க, பக்கத்துல குடியிருக்குறவங்க, மருந்தடிச்ச துணிய வீட்டுல துவைக்கிற பெண்கள், இவங்களையும் கேளுங்க. ஆண் பெண் பாதிப்பை ஆராய்ஞ்சு ஒரு செயல்திட்டம் வைக்கணும்னு ஜிஇஎஃப் விதியே இருக்கு, அதை யாரோ ஒரு கன்சல்டன்ட் கடைசி வாரத்துல ஒட்டுற அத்தியாயமா பண்ணாதீங்க, யாரோட உடம்புல விஷம் ஏறுதுன்னு தெரியாம திட்டமே போட முடியாது.

அழிக்கிற செலவைப் பத்தி. உங்க நாட்டுல அதிவெப்ப எரியுலை இல்லைன்னா வெளிநாட்டுக்கு அனுப்பணும். குளோரின் அதிகமா இருக்குற கழிவுக்கு 1100 டிகிரிக்கு மேல ரெண்டு வினாடியாவது புகை தங்குற மாதிரி உலை வேணும், குறைவான சூட்டுல எரிச்சா டயாக்சின் உருவாகும், திறந்தவெளியில எரிக்கிறது ஒரு விஷத்தை இன்னும் மோசமான விஷமா மாத்துறதுதான். அனுப்பணும்னா பேசல் உடன்படிக்கைப்படி வாங்குற நாடு, வழியில இருக்குற ஒவ்வொரு நாடு, எல்லார்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கணும், இதுக்கே பல மாசம் ஆகும், கப்பல் கம்பெனிங்க இந்தச் சரக்கை ஏத்தவே தயங்குவாங்க. அதனால கால அட்டவணையில இதுக்குத் தாராளமா இடம் விடுங்க. எல்லாத்தையும் அனுப்ப வேண்டியதும் இல்ல, பிசிபி குறைவா கலந்த எண்ணெயை சோடியம் வச்சு குளோரினை நீக்கிட்டு அதே எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தலாம், டிரான்ஸ்ஃபார்மரும் பிழைக்கும். அதிகமா இருக்குறது மட்டும் கப்பல்ல போகட்டும். இந்தப் பிரிப்பை அப்ளிகேஷன்ல காட்டினீங்கன்னா பாக்குறவங்களுக்கு நீங்க விஷயம் தெரிஞ்சவங்கன்னு உடனே புரியும், செலவும் குறையும்.

இன்னும் ரெண்டு நடைமுறை விஷயம். வரி. கிட், டிரம், பாதுகாப்பு உடை எல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வரும்போது சுங்கத்துல மாட்டிக்கும், விலக்கு ஆணையை முன்கூட்டியே வாங்கிடுங்க. ரெண்டாவது, பணம் அரசு கருவூலத்துல பொதுக் கணக்குல விழுந்துட்டா வெளிய எடுக்க நீங்க படாதபாடு படணும், தனிக் கணக்குத் தலைப்பு கிடைக்குமான்னு நிதி அமைச்சகத்துல இப்பவே பேசுங்க, பணம் தவணை தவணையாத்தான் வரும், முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினாத்தான் அடுத்தது.

கடைசியா, அப்ளிகேஷன் போய் பணம் வர ரெண்டு மூணு வருஷம் ஆகலாம்னு சொன்னேன்ல, அது வரைக்கும் அந்தக் கிடங்கு அங்கேயேதான் இருக்கும். கூரை ஓட்டையை அடைக்க, கதவுக்குப் பூட்டுப் போட, உடைஞ்ச டிரம்மை பெரிய டிரம்முக்குள்ள வைக்க, மழைத்தண்ணி உள்ள வராம சுத்தி ஒரு திட்டு கட்ட, "உள்ளே விஷம்"னு மண்டையோடு படத்தோட போர்டு வைக்க எந்த சர்வதேச நிதியும் வேண்டாம், உங்க அமைச்சகத்தோட பராமரிப்புச் செலவுலயே முடியும். காலியான டிரம்மை யாரும் தண்ணி பிடிக்க எடுத்துட்டுப் போகாம ஓட்டை போட்டு வைங்க, ஆனா கழுவின தண்ணிய வெளிய விடாதீங்க. அங்க காவலுக்கு ஒருத்தர் உக்காந்திருப்பாரு, பெரும்பாலும் கிடங்குக்குள்ளயேதான் நாற்காலி போட்டு உக்காந்து சாப்பிடுவாரு, தூங்குவாரு. கிடங்குக் காத்து அடிக்காத பக்கமா, கொஞ்சம் தள்ளி அவருக்கு ஒரு அறை ஏற்பாடு பண்ணுங்க. அதை இந்த வாரமே பண்ணிடுங்க.